மேட்டுக்காடு போதும் என்றார்கள்

மச்சான்,

காலையிலிருந்து என் மேசைமேல் ஒரு ஜாமீன் பத்திரம் கிடக்கிறது. முத்திரைத் தாளின் மொடமொடப்பும் மை வாசனையும் போதும், உங்கள் நினைவு வந்துவிடுகிறது. நீங்கள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது.

நீங்கள் எனக்கு ஜாமீன் நின்றபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் என்ஜினீயர் படிப்பை முடித்து, மேற்படிப்புக்கு ஸ்காட்லாந்துக்கு எழுதிப் போட்டு, இடமும் கிடைத்திருந்தது. செலவைக் கொச்சி சர்க்கார் ஏற்கும். ஆனால் ராஜ்யத்துக்குள் பூமி உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். நான் தேறாமல் திரும்பினால் அந்தப் பூமி போய்விடும். எங்கள் வீடு ராஜ்யத்துக்குள், பெருமாட்டியில். அப்பா வாங்கிய காடு தோட்டமெல்லாம் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் ஜில்லாவில். ராஜ்யத்துக்குள் பூமி வைத்திருந்த உறவு, அக்காவைக் கட்டிய நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கும் அப்பாவுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அப்பா உங்களுக்கு விற்ற காளை ஏரில் பூட்டியதும் படுத்துக்கொண்டது. தெரிந்தே தலையில் கட்டிவிட்டார் என்றீர்கள் நீங்கள். ஓட்டத் தெரியாதவனுக்கு எந்த மாடும் படுக்கும் என்றார் அப்பா. வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் உங்களிடம் வந்தேன். களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ஏனுங்க மாப்ள, சீமைக்கு அனுப்பறதுக்கு மாமன்கிட்ட இன்னொரு படுக்கற மாடு இல்லீங்களா?"

உள்ளே அக்கா சிரித்தது கேட்டது. எனக்கு அழுகைதான் முட்டியது. பத்து நாளில் பத்திரம் போகாவிட்டால் என் இடம் இன்னொருவருக்கு.

மறுநாள் வேறு வழி உண்டா என்று கேட்கப் போனால், எங்கள் சித்தூர் தாலுக்கா கச்சேரியில் எனக்கு முன்னால் வந்து நின்றது நீங்கள். குமாஸ்தா நல்ல மனிதர். ஜாமீனுக்கு எல்லோரும் இருப்பதில் மட்டமான பூமியைத்தான் எழுதுவார்கள், உங்களுக்கும் அந்த வானம் பார்த்த மேட்டுக்காடு போதும் என்றார். நீங்கள் கிணற்றுத் தோட்டத்தை எழுதச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுச் சோறே அதிலிருந்துதான். அவர் பேனாவை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

"மேட்டுக்காட்டை எழுதுனா, இவரு தேறமாட்டாருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமுங்க" என்றீர்கள்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "மாடு படுத்துக்குச்சு. நீங்க படுத்துக்காதீங்க மாப்ள."

ஸ்காட்லாந்தில் முதல் வருஷம் ஒரு பரீட்சையில் தவறிவிட்டேன் மச்சான். இரண்டு நாள் கம்பளிக்குள்ளேயே கிடந்தேன், கப்பல் ஏறிவிடலாமா என்றுகூட இருந்தது. மூன்றாம் நாள் உங்கள் தோட்டத்தை நினைத்தே எழுந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுதித் தேறினேன். இதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் என்னைக் காளை என்றே கூப்பிட்டிருப்பீர்கள்.

இன்று பத்திரம் கொண்டுவந்தவன் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகன். அவனும் அதே படிப்புக்குத்தான் போகிறான். அவன் அப்பாவுக்கும் எனக்கும் வேலித் தகராறு. கேட்கத் தயங்கி வாசலிலேயே நின்றான். நான்தான் உள்ளே கூப்பிட்டேன். "நான் நிக்கிறேன், போய்ட்டு வா" என்றேன். உங்கள் மாதிரியே பேசிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

அவன் போனபின் எழுத உட்கார்ந்தேன். சம்பாதித்து வாங்கிய பூமி எனக்கும் இங்கே இருக்கிறது, நல்லதும் மட்டமுமாக. பூமி விவரம் கேட்கும் இடத்தில் என் கை மேட்டுக்காட்டை எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

வெட்கமாக இருக்கிறது மச்சான். வேறு முத்திரைத் தாள் வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறேன். அது வந்து சேரும்வரை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.