அன்புவின் தனி டம்ளர்

பிப்ரவரி 10, திங்கள்

என் வீட்டுக்காரர் அன்புவுக்கு டிபி. "மில்லு தூசு ஹெலன், வெல்லம் துன்னா போய்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் இருமினார். இரும்பு மில்லில் எல்லாருக்கும் வெல்லம்தான் டாக்டர். இன்று சளி டெஸ்ட் உண்மையைச் சொல்லிவிட்டது. ஆறு மாதம் மாத்திரை தின்றால் தீருமாம். பயம்தான். ஆனாலும் இன்னதென்று தெரிந்ததே, அந்த மட்டில் நிம்மதி.

பிப்ரவரி 11

அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாறிவிடாமல் இருக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். மில் கரி வேறு வந்து இருமலைக் கூட்டவேண்டாம் என்று ஜன்னலை இறுக்கச் சாத்தினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 12

காப்பியைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் ஷிப்டுக்காரர் ஜெகன் தங்கியிருக்கும் ரூமுக்குப் போகிறாராம். "இன்னாய்யா ஆச்சு?" என்றேன்.

"எங்கப்பன் டீக்கடை வாசல்ல தனி கிளாஸ்ல குடிச்சாரு. நீ அத்த ஊட்டுக்குள்ளயே கொண்ணாந்துட்ட."

ஐயோ, நான் கிருமியைத்தானே நினைத்தேன்? அதைச் சொல்லியிருக்கலாம். வீம்பு வந்து, "போ" என்றேன். போய்விட்டாரே!

பிப்ரவரி 14

மருந்து விசாரிக்க வந்த நர்ஸ் செல்வி அக்கா டம்ளரைப் பார்த்துச் சிரித்தார். "இது டம்ளர்ல ஒட்டாதும்மா, காத்துல வர்றது. ஜன்னல மூடிக்கினு டம்ளர பிரிச்சு வெச்சிருக்கியே! அவரு எங்க?"

சொன்னேன். சிரிப்பு நின்றது.

"ஜன்னலே இல்லாத ரூம்ல ஆறு பேரு! மாத்திரை இப்பதான ஆரம்பிச்சிக்குது? இன்னிக்கே இட்டுக்கினு வா."

ஷிப்ட் விடும் நேரம் மில் கேட்டில் நின்றேன். எல்லார் எதிரிலும், "தப்பு என்துதான். ஊட்டுக்கு வாய்யா" என்றேன்.

"டம்ளரு?"

"பாலிஷ சொரண்டிட்டு எல்லாத்தையும் கலந்துட்டேன். எது உன்துன்னு எனக்கே தெரியாது."

மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கேட் என்றும் பார்க்காமல்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஜன்னல் இப்போது திறந்தே கிடக்கிறது. துடைக்கத் துடைக்கக் கரி. ஒரே பேஜாரு. சாமியார் நெற்றியில் வைத்தது எது, மில் வைத்தது எது என்றே தெரியவில்லை. எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை.

மார்ச் 23

ஜெகன் ரூம்காரர்கள் டெஸ்டுக்கு வரமாட்டார்களாம். "நாங்க இன்னா நோயாளியா?" என்றார்களாம். இவர் விடுவாரா? நாளைக்குத் தானே நேரில் போய் இழுத்துக்கொண்டு வரப்போகிறார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஏப்ரல் 12

இவர் சளியில் இப்போது கிருமி இல்லை! ஆனால் ரூமில் ஜெகனுக்கு இருக்கிறது. "என்னாலயா?" என்று இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். செல்வி அக்கா அதட்டினார். "யாராலன்னு தேடிக்கினு இருக்காத. அவன் மாத்திரைய உடாம துன்றானான்னு பாரு."

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தால் வாசலுக்கு வெளியே ஜெகன், மாஸ்க்கும் பையுமாக. ரூமில் சேர்க்கவில்லையாம்.

"ஊருக்கு போன் பண்ணேன் அண்ணி. நைனா வராதன்ட்டாரு."

இவர் என்னைப் பார்த்தார். அவன் பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடம் நல்ல காற்றோட்டம்.

"நாஷ்டா துன்னியா?" என்று ஜெகனைக் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான்.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிற? பாய எடுத்துக்கினு மாடிக்கு ஏறு" என்றேன் இவரிடம்.