வால்நட்சத்திரம் ஒத்துக்கொண்டது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, உனக்கும் அப்படியே இருக்கட்டும். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பார்க்க வந்த குழாய்க்காரர் பழைய வாஷரையே துடைத்து மாட்டிவிட்டுப் புதிது என்று சொல்லிப் போனாரோ என்று எனக்குச் சந்தேகம். அம்மா யாரைத்தான் நம்பினாள் என்று நீ சிரிப்பாய், சிரி. இப்போது உன்மேலும் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் விஞ்ஞானக் கதைப் பைத்தியம் உனக்குத் தெரியாததில்லை. எங்கள் கல்யாணமான புதிதில் பத்திரிகையின் வாசகர் கடிதப் பக்கத்துக்கு எழுத ஆரம்பித்தவர், பாய்லர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விடவில்லை. அந்தப் பக்கத்தில்தான் வால்நட்சத்திரம் என்ற புனைபெயரில் எழுதுகிற, இப்போது நீ இருக்கும் ஊர்க்காரர் பழக்கமானார். அப்பா நல்ல கதை என்றால் அவர் குப்பை என்பார், பத்திரிகை நின்றுபோன பிறகும் இரண்டு பேரும் தபாலில் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். விண்வெளியில் கப்பல் வெடித்தால் சத்தம் கேட்குமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது, காற்றில்லாத இடத்தில் எப்படி ஐயா கேட்கும் என்று அப்பாவை மடக்கியது அவர்தான். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக இருந்த ஆளை நான் பார்த்ததில்லை.

அந்த மனிதர் இந்த வருஷம் திடீரென்று மாறிப்போனார். கை நடுங்குகிறது, இனி டைப் அடித்துத்தான் அனுப்புவேன் என்றார், வீடு மாறிவிட்டதாகப் புது முகவரி கொடுத்தார், அதிலிருந்து அப்பா எதை எழுதினாலும் நீங்கள் சொல்வதே சரி என்று பதில் வருகிறது. முதல் தடவை அப்பாவுக்குப் பெருமை, இரண்டாம் தடவை முகம் சுருங்கியது, மூன்றாவதுக்கு ஒரு பொறி வைத்தார். வேண்டுமென்றே, அந்த வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்யும் என்று எழுதிப் போட்டார். மிகச் சரி என்று பதில் வந்தது. படித்துவிட்டு, அவன் போயிட்டான், வேற யாரோ எழுதறாங்க என்றார். மத்தியானம் தட்டில் வைத்தது அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை, பேச்சும் குறைந்துவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் புது முகவரியை எடுத்துப் பார்த்தேன், உன் ஆபீஸ் இருக்கும் தெரு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், அதுவும் என்னிடம். அந்த மனிதர் இறந்தது அதே ஊரில் இருக்கும் உனக்குத் தெரிந்திருக்கும், அப்பா தாங்கமாட்டார் என்று நீயே எழுதத் தொடங்கியிருப்பாய், உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் முகவரி இல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். படிப்பு, வேலை, ஊரைவிட்டுப் போனது என்று எதிலும் அப்பாவுக்கு மறுவார்த்தை சொல்லாமல், சரிப்பா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிற பிள்ளை நீ ஒருவன்தான். அவரோடு சண்டை போட அந்த மனிதருக்குத் தெரிந்தது, உனக்குத் தெரியவில்லை.

துக்கச் செய்தியை அப்பாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ இனி அந்த மனிதர் பெயரில் எழுதாதே, உன் பெயரிலேயே எழுது. அப்பா சொல்வது தப்பு என்று எழுது, ஏன் தப்பு என்றும் எழுது. முதல் தடவை கை கூசும், பரவாயில்லை, கோபித்துக்கொண்டால் நான் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடியில்லாமல் நல்லா இரு. மறந்துவிடாதே, வெடிச்சத்தம் கேட்காது. அதிலிருந்தே ஆரம்பி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா