கத்தாமல் ஜெயித்த ஆட்டம்

அன்புள்ள மாமாவுக்கு,

பாட்டியாலாவில் நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர் பழகிவிட்டது, சப்பாத்திதான் பழகவில்லை. நேற்று நடந்ததைப் போனில் சொன்னால் உங்கள் கடை முழுக்கச் சொல்லிச் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கபடி கோச் படிப்பில் நேற்று உள்ளூர்ப் பெண்கள் அணியை ஆடவைக்கச் சொன்னார்கள். நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஆடவைப்பதுபோலவே கோட்டோரம் நின்று, "ஏய், காலப் புடி, விட்றாத" என்று கத்தினேன். ஏழு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரணியிலிருந்து ரெய்டு வந்தவள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

"நீங்கள் கத்தினால் உங்களைத்தான் பார்ப்பார்கள்" என்று சிரித்தார் எங்கள் மேடம். என்னைவிடச் சின்னவர்.

இன்று நீங்கள் கொடுத்துவிட்ட கடலைமிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பேசாமல் நின்றேன். பிள்ளைகள் தங்களுக்குள் கண்ணால் பேசியே பிடித்தார்கள். ஜெயித்துவிட்டோம். மிட்டாய்தான் தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள்.

சனிக்கிழமை நம் பள்ளிக்கூட மேட்சை கேப்டன் பவதாரிணியே பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் என் இடத்தில் நின்று கத்த வேண்டாம்.

இனிமேல் கடை வாசலில் நின்று போன் பேசுங்கள், நம் ஊர்க் காளவாசல் பஸ் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். "என்னையக் கொஞ்சம் பேச விடுறியா" என்பீர்களே, எம்புட்டு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். நான் குறுக்கே பேசமாட்டேன்.

விசில் ஊதிவிட்டார்கள், வாரேன்.

செல்லத்தாய்