வெந்நீர் ஆற்றுக் கல்யாணம்

என் ஈரக்குலையே ரெபூஹா,

உன் மேல் ஸலாம் உண்டாகட்டும். நீ மண்ணுக்குப் போய் நாற்பத்தோரு நாள். என் மகள் வசீலாவின் பழைய பள்ளி நோட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ.

உன் மகன் லக்தர் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான். வருகிற வியாழன் அவனுக்கும் என் வசீலாவுக்கும் நிக்காஹ். உன் அண்ணன் ஆடு வாங்கிக் கட்டிவிட்டார்.

திங்கட்கிழமை கல்யாண மெத்தைக்கு ஆட்டு ரோமம் கழுவ வெந்நீர் ஆற்றுக்குப் போனோம். பெண்கள் அந்தக் கதையை எடுத்தார்கள். அண்ணன் தன் தங்கையையே மணக்கத் துணிந்தானாம், பூமி பிளந்து தண்ணீர் கொதித்ததாம், ஊர்வலம் நின்ற இடத்தில் கல்லானதாம். பக்கத்து வீட்டு மபர்க்கா மட்டும் வேறு மாதிரி சொன்னாள். அந்த இருவருக்கும் தாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே தெரியாதாம். தெரிந்தவர்கள்தான் விருந்துக் கறிக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டார்களாம். அதனால்தான் விருந்தாளிகளும் கல்லானார்களாம்.

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ பிரசவக் காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்த ஏழு நாளும் உன் புள்ள யார் மடியில கெடந்துச்சு? ரெபூஹாவுக்கு அப்ப லக்தர் கைக்குழந்த. பால் கொடுத்தத ஜன்னல் வழியா நான் பாத்தேன்டி."

என் கை வெந்நீரிலேயே நின்றுவிட்டது. ஒரு மார்பில் குடித்த பிள்ளைகள் நம் மார்க்கத்தில் கூடப்பிறந்தவர்கள் அல்லவா, நிக்காஹ் கூடாதே? "இருவது வருஷமா அந்த ஜன்னல் எங்கடி போயிருந்துச்சு?" என்றேன். "பால் கொடுத்தவளே சொல்லுவாள்னு இருந்தேன்" என்றாள். லக்தரைத் தன் மகளுக்குக் கேட்டு, நீ மறுத்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. பொய்யாகவும் இருக்கலாம்.

உன் அண்ணனிடம் சொன்னேன். "பொறாமக்காரி பேச்சுக்கு என் தங்கச்சி மவனைத் தெருவுல நிறுத்துவியா? வாய மூடு" என்றார். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கும் தெரியுமோ? இமாமோ, "ஒரு வாய் போனாலும் பால்தான். உறுதியா தெரிஞ்சுக்கிட்டு வா தாயி" என்கிறார். நான் யாரிடம் போய்த் தெரிந்துகொள்வது?

ஆட்டுப்பாலில் துணியை நனைத்துக் கொடுத்ததாக அப்போது நீ சொன்னாய். அந்த மாதம் உன் ஆடு பால் வற்றி நிறைசினையாக அல்லவா இருந்தது? போன வருஷம் நான் சம்பந்தம் பேசியபோது மூன்று நாள் நீ பதில் சொல்லவில்லை. வீடு சின்னது என்று யோசிக்கிறாய் போல என்று நினைத்தேன்.

ரோமம் காய்ந்துவிடுகிறது. தினம் காலையில் மறுபடி நனைத்துக்கொண்டு வருகிறேன். மெத்தை முடியாமல் கல்யாணம் இல்லையே. "கழுவுறியா, வேக வைக்கிறியா?" என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். வசீலா மருதாணி கரைக்கக் கிண்ணம் எடுத்து வைத்திருக்கிறாள். இன்னும் எத்தனை நாள் நனைப்பேன்?

கொடுத்திருந்தால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பச்சைப் பிள்ளை பசித்து அழுதிருக்கும், உனக்கும் மனசு கேட்டிருக்காது. உன் கப்ருக் குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மதினி ஜம்ஆ

ரெபூஹா, அந்த ஏழு நாளில் ஒரு தடவையாவது வசீலாவுக்கு உன் மார்பைக் கொடுத்தாயா?