உப்புக் கிடங்குச் சுவர்

புதுக்கோட்டை,
ஞாயிறு காலை.

அத்தானுக்கு முருகேஸ்வரி எழுதுவது.

இங்கே நான் சுகம். அங்கே நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஏசி அறையில் தூங்கி, சூப்பர்வைசர் சட்டையில் போட்டோ பிடித்து அனுப்பும் அளவுக்குச் சுகம் என்று தெரிகிறது. சந்தோஷம். உங்களோடு அங்கே வேலை பார்க்கும் ரெக்சன் லீவு முடிந்து நாளைக்கு ஓமனுக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தோடு மாங்காய் ஊறுகாயும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயில் காரம் அளவாக இருக்கும். கடிதத்துக்கு நான் பொறுப்பில்லை.

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். பேச்சியின் பெயரை எடுத்தாலே "டவர் இல்ல" என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். காகிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். அதற்குள் பாதியாவது படித்திருப்பீர்கள்.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது. உங்கள் அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. சமையல்கட்டில் ஓடு ஒழுகுகிறது, ஆள் விட்டு மாற்றிக்கொள்கிறேன்.

இனி மேசை விஷயம். போன மாதம் திடீரென்று, "அந்த மேசைய ஒடச்சு அடுப்புல போடு முருகேசு, கரையான் வந்துரும்" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் மேசை அது. அதன் மேல் ஒரு டம்ளரை வைத்துவிட்டேன் என்று என்னை நாள் பூராவும் ஏசிய மனுஷன் நீங்கள். யூடியூபில் எவனோ குட்டி ரயில் விடுவதைப் பார்த்துவிட்டு, நீங்கள் வேலை பார்த்த கம்பெனியின் சரக்கு ரயில் சைடிங்கை அப்படியே எண்பத்தேழில் ஒரு பங்காகச் செய்யப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். மலையும் குகையும் பொம்மைக்கடை ரயிலுக்கு, நம்ம ரயில் ஊருக்கு நடுவுல கிடங்குக்கும் லாரிக்கும் இடையில ஓடுத ரயில் என்று பெருமையாகச் சொல்வீர்கள். கப்பலில் போய் வரும் ஜோன்ஸ் வாங்கிவந்த என்ஜினுக்கு நம் டீசல் என்ஜினின் சாயம் அடித்தீர்கள். மாவு மில், உரக் கிடங்கு, உப்புக் கிடங்கு, அவற்றின் சுவரில் வெற்றிலை எச்சில் வரைக்கும் வைத்தீர்கள். ஈரக் கறைக்குத் தேயிலைச் சாயம் இறக்கித் தந்ததும், தண்டவாளத்துக்கு நிலக்கரித் தூளைச் சலித்துத் தந்ததும் நான்தான். "புதுசா தெரிஞ்சா அது பொய்யி முருகேசு, எல்லாத்தையும் பழசாக்கணும்" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தீர்கள்.

அளவெடுத்துக் கொடுத்தது சொரிமுத்து. உங்கள் கூட்டாளி, வேகனுக்கும் வேகனுக்கும் நடுவில் இறங்கிக் கொக்கி மாட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேப்பும் கையுமாக வந்துவிடுவான். மாவு மில்லுக்குப் போகும் வேகனை உள்ளே தள்ள வேண்டுமானால், முன்னால் நிற்கும் உப்பு வேகனை எந்தத் தடத்தில் ஒதுக்குவது என்று இருவரும் அந்த மேசைக்கு மேல் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சண்டை போடுவீர்கள். அவனுக்கு என் மீன்குழம்பு என்றால் உயிர். "மதினி, இன்னும் ரெண்டு கரண்டி" என்று தட்டை நீட்டுவான்.

போன வருஷம் ஆவணியில் அவன் வேகனுக்கு நடுவில் நசுங்கிச் செத்தான். நீங்கள் பச்சைக் கொடி காட்டினீர்கள், என்ஜின் தள்ளியது. விசாரணையில் நீங்கள் சொன்னது ஊருக்கே தெரியும். "நான் நின்ன இடத்துக்கு உப்புக் கிடங்குச் சுவர் மறைக்கும் ஐயா, அவன் உள்ள இறங்குனது எனக்குத் தெரியாது. தண்ணி வேற போட்டிருந்தான்." தண்ணி! திருச்செந்தூருக்கு மாலை போட்ட நாளிலிருந்து வாயில் ஒரு சொட்டு விடாதவன் அவன். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் நம்பினேன், கூட வேலை பார்த்தவருக்குத் தெரியாததா என்று. விசாரணைக்கு வந்த அதிகாரி நம் வீட்டுக்கே வந்து மேசையைப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கொடியோடு நிற்கும் உங்கள் பொம்மைக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, மறைக்கத்தானே செய்கிறது என்றார். அவருக்கு நான் காப்பி கொடுத்தேன். தப்பு செத்தவன் மேல் என்று எழுதி முடித்தார்கள். கம்பெனி உங்களை ஓமனுக்கு அனுப்பியது.

சொரிமுத்துவின் பெண்டாட்டி பேச்சி போன புதன்கிழமை வந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறாள், பாதம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. குடித்துவிட்டுச் செத்தவன் பெண்டாட்டி என்று அவள் கொழுந்தன்மாரே வீட்டை விட்டு விரட்டிவிட்டார்கள். உள்ளே வந்தவள் உட்காரவில்லை. "யக்கா, அவிய செத்த எடத்த ஒருதடவ பாக்கணும். அங்கன கேட்டுக்குள்ள என்னைய விடமாட்டேங்கான். ஒங்க வீட்டுல அதை அப்படியே செஞ்சு வச்சிருக்காவளாமே" என்றாள். எப்படி இல்லை என்பேன்? துணியை விலக்கிக் காட்டினேன்.

அவிய எங்கன நின்னாவ என்று கேட்டாள். அந்த இடத்தில் இருந்த சொரிமுத்து பொம்மையை நீங்கள் எப்போதோ எடுத்துவிட்டிருந்தீர்கள். பசை காய்ந்த தடம்தான் இருந்தது. நான் ஒரு தீக்குச்சியை ஒடித்து இரண்டு வேகனுக்கு நடுவில் நிறுத்தினேன். அவள் குனிந்து உங்கள் பொம்மைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். சுவர் மறைத்தது. சரி, அண்ணாச்சி சொன்னது நெசந்தான் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிரும்போதுதான் கேட்டாள்: "யக்கா, எல்லாம் அழுக்கா இருக்கு, இந்தச் செவரு மட்டும் நேத்துக் கட்டுனது மாதிரி பளிச்சுனு இருக்கே, ஏன்?"

அத்தான், அவன் சாவதற்கு முந்தைய சித்திரையில் லாரி பின்னால் வந்து உப்புக் கிடங்குச் சுவரை இடித்துச் சாய்த்ததை நீங்கள்தானே வந்து சொன்னீர்கள்? முட்டளவுக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லை என்று சிரித்துக்கொண்டே, அன்று சாயங்காலமே மேசையிலும் அட்டைச் சுவரைப் பிய்த்து, செங்கல் துண்டுகளைக்கூடச் சிதறிப் போட்டீர்கள். அது எப்போது எழுந்தது? நான் நகத்தைக் கொடுத்து நெம்பினேன். கையோடு வந்துவிட்டது. கீழே பழைய இடிபாடு அப்படியே இருந்தது. பேச்சி மறுபடி குனிந்தாள். தீக்குச்சி தலையிலிருந்து கால் வரைக்கும் தெரிந்தது.

பேச்சி "செத்தவிய மேல போயி இப்படி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுதேன். இதை எழுதும்போதும் அழுகிறேன், ஆனால் உங்களை நினைத்து இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் செத்த அன்று காலை வரைக்கும் மேசையில் அங்கே செங்கல் துண்டுகள்தான் கிடந்தன, அதைக் கண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை. அதிகாரிகள் வருமுன் கம்பெனி அங்கே சுவரை எழுப்பிப் பெயிண்ட் அடித்தது. கூட வேலை பார்த்தவர்கள் பிழைப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். நீங்கள் இங்கே எழுப்பினீர்கள். எப்போது தெரியுமா? பாடை தூக்கிவிட்டு வந்து குளித்துவிட்டு மேசை முன் உட்கார்ந்தீர்களே, அந்தச் சாயங்காலம். கூட்டாளி போன துக்கத்தில் மனுஷன் தவிக்கிறார் என்று நினைத்து, யாரும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நான் கதவைச் சாத்தினேன். உள்ளே நீங்கள் அட்டையை அளந்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

கை தவறியிருக்கும். சரக்கு வண்டியைச் சீக்கிரம் விடு விடு என்று மேலே இருந்து விரட்டியிருப்பான், நீங்கள் திரும்பிப் பார்க்காமல் கொடியை ஆட்டியிருப்பீர்கள். அதற்காக உங்களோடு சேர்ந்து பேச்சி காலில் விழுந்திருப்பேன். வீட்டை விற்கச் சொன்னாலும் விற்றிருப்பேன். அது ஒரு நொடியில் நடந்தது. ஆனால் சுவர் அப்படியா? ஸ்கேலை வைத்து, பிளேடால் அறுத்து, செங்கல் வரி கீறி, சாயம் பூசி, பசை காயும் வரைக்கும் விரலால் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அத்தனை நேரத்தில் ஒருதரம்கூடக் கை நடுங்கவில்லையா?

பேச்சி வந்து பார்த்ததை அன்று ராத்திரி போனில் சொன்னேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள். விடிந்ததும் உங்கள் அண்ணன் காசிலிங்கம் ஊரிலிருந்து சுத்தியலோடு வந்து நிற்கிறார். "ஏளா, தாலி கட்டுனவன காட்டிக் குடுக்கப் போறியா? ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வழிய விடு" என்றார். நான் வாசப்படியில் உட்கார்ந்துகொண்டேன். மேசை மேல சுத்தியல் பட்டா அடுத்த அடி எங்க விழும்னு எனக்கே தெரியாது என்றேன். தெருவே கூடிவிட்டது. அவர் போய்விட்டார். இனி அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு எனக்கு இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை குட்டியானை வண்டி பிடித்து மேசையைப் பேச்சியின் வக்கீல் ரோச் வீட்டுக்கு ஏற்றிவிட்டேன், கழன்ற சுவரையும் சேர்த்து. அடுத்த மாதம் கேஸை மறுபடி எடுக்கிறார்கள். அந்த அதிகாரியின் அறிக்கையில் நம் மேசையின் படம் ஆதாரமாக இருக்கிறதாம். அந்தச் சுவரை யார், எப்போது ஒட்டினார் என்று கேட்பார்கள். நான் கூண்டில் ஏறிச் சொல்வேன். நீங்கள் சொரிமுத்துவைப் பார்த்தீர்களா பார்க்கவில்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. அதை ரோச் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் சொல்லுமுன் நீங்களே வந்து சொல்லிவிட்டால், ஜெயிலுக்கு ஆனாலும் சோறு கொண்டுவருவேன். வராவிட்டால் பணம் அனுப்ப வேண்டாம், போன் பேச வேண்டாம். பேச்சியோடு உப்பளத்துக்குப் போய்க்கொள்வேன்.

நேற்றுக் கோயிலுக்குப் போய் உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். உங்களுக்கு நோய்நொடி வரக் கூடாது, கண் மங்கக் கூடாது, நினைவு தப்பக் கூடாது. நூறு வயது வரைக்கும், விடிந்து கண் திறக்கிற ஒவ்வொரு நாளும், சொரிமுத்து தட்டை நீட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்துவிடுங்கள் அத்தான்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் தாலியைச் சுமக்கும்
முருகேஸ்வரி.