அகில் புகைக்குப் பிறகு

துபாய், ராஷிதியா
டிசம்பர் 9

மதிப்பிற்குரிய ரைஹானா ஆசிரியை அவர்களுக்கு,

ஸலாம். நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். அன்று தொலைபேசியில் நாம் பேசியதில் பாதி உங்களுக்குப் புரியவில்லை, பாதி எனக்குப் புரியவில்லை. நீங்கள் பேசுவது பள்ளிக்கூடத்து அரபு. செய்தி வாசிப்பவர்கூட வீட்டுக்குப் போனதும் அப்படிப் பேசமாட்டார். நான் பேசுவது எங்கள் தெருவின் அரபு. எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு என்பதால் எழுதுகிறேன். சுற்றிவளைக்க எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளி ஆசிரியைகளுக்குச் சுற்றுலா நிறுவனம் போட்டுக் கொடுத்த நான்கு நாள் திட்டத்தைப் படித்தேன். போட்டவன் இந்த ஊரில் ஒரு வெயில்காலம்கூட இருந்திருக்க மாட்டான்.

முதல் நாள் உயரமான கோபுரம். கூட்டத்தோடு போய்விட்டு வாருங்கள், இல்லையென்றால் உடன் வருபவர்கள் கேள்வி கேட்பார்கள். மேலிருந்து தெரிவது தூசு. அந்தத் தூசுக்கு நடுவில் சன்னலே இல்லாத சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று இருக்கும், யாரும் அதைப் படம் எடுப்பதில்லை. நான் அங்கேதான் இன்ஜினியர். தண்ணீரைக் குளிரவைத்து, நிலத்தடிக் குழாயில் எல்லாக் கோபுரங்களுக்கும் அனுப்புகிறோம். ஆகஸ்டில் ஒரு மதியம் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விமான நிலையத்துக்கு ஓடுவார்கள். பாலைவனம் என்று மெல்லிய துணியாக எடுத்துவராதீர்கள். எங்கள் ஊரில் சளி பிடிப்பது கட்டடத்துக்குள்.

மூன்றாம் நாள் மணல்மேட்டுச் சவாரி. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் ஒரு மணல்மேடு, அதில் வண்டியை ஏற்றி இறக்கி வயிற்றைக் கலக்குவார்கள். பிறகு ஒரு கூடாரம், ஒரு நடனம். அந்த நடனம் எங்களுடையது இல்லை. ஒட்டகம் மட்டும் எங்களுடையது. அதுவும் அங்கே சலித்துப்போய் நிற்கும்.

கடைசி இரவு படகு விருந்து. கடல்கழியில் மரக்கலத்துக்கு விளக்குக் கட்டி, பாட்டுப் போட்டு, சோறு போடுவார்கள். அந்த மாதிரிக் கலத்தில்தான் அப்பா உங்கள் ஊருக்குப் பேரீச்சம்பழம் ஏற்றி வந்து மரமும் மிளகும் ஏற்றிப் போனார். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கலத்தில் உட்கார்ந்து உங்களால் சாப்பிட முடியுமா என்று தெரியவில்லை. முடியாவிட்டால் கரையிலேயே நின்றுவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மதியம் 'கடைகளில் ஓய்வாக' என்று போட்டிருக்கிறது. அந்த மதியம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நான்தான் சவரம் செய்கிறேன். அப்படி ஒரு நாள், கத்தி அவர் கன்னத்தில் இருக்கும்போதே சொன்னார்: "கோழிக்கோட்டுல உனக்கு ஒரு அக்கா இருக்காடா. கூட்டிட்டு வா." அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். என் அண்ணன் மத்தர் அது மருந்து மயக்கம் என்கிறான். மருந்து மயக்கத்தில் எவரும் தெருப் பெயரும் வாசலில் நிற்கும் மரமும் சொல்வதில்லை. விசாரித்தேன், நீங்கள் இருந்தீர்கள். இதில் பேச என்ன இருக்கிறது?

நான் பிறந்த வருஷத்தோடு அவர் உங்கள் ஊருக்கு வருவதை நிறுத்தியிருக்கிறார். உங்களுக்கு அப்போது ஏழு வயது என்றீர்கள். ஏன் நிறுத்தினார் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. அவரிடமே கேளுங்கள், கேட்கத்தான் கூப்பிடுகிறேன். அவர் வரும்போது பேசவேண்டும் என்றுதான் உங்கள் தாயார் உங்களை அரபு படிக்க வைத்தார் என்று சொன்னீர்கள். அந்த அரபை இந்நாள்வரை எட்டாம் வகுப்புக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ஒரு தடவையாவது உரியவரிடம் பேசிவிடுங்கள்.

பயப்பட வேண்டாம். வந்தவரை யார், எதற்கு வந்தாய் என்று கேட்பது எங்கள் வீடுகளில் கேவலம். மலபாரிலிருந்து ஓர் அரபு ஆசிரியை வருகிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் ஏதும் இல்லை. பெண்கள் வாசல் வழியாக வாருங்கள். மற்ற வீட்டுப் பெண்களும் இருப்பார்கள், நான் அந்தப் பக்கம் வரமுடியாது. அப்பா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஷம்ஸா அத்தையிடம் சொல்லி அனுப்புவேன், அவர் உங்களை உள்ளே அழைத்துவருவார். அவருக்கு மட்டும் எல்லாம் தெரியும். சாயங்காலத் தொழுகை நேரத்தில்தான் அப்பாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. மருத்துவர் மூளையில் அடுத்த அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிறார். ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

இறைவன் உங்கள் பயணத்தை எளிதாக்கட்டும்.

இப்படிக்கு,
ஹாரிப் பின் உபைத்


உங்கள் ஓட்டலின் வரவேற்புக்கூடம்
டிசம்பர் 24

ரைஹானா அவர்களுக்கு,

ஸலாம். கீழே ஒரு பிளாஸ்டிக் ஈச்சமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கி வர முடியாது என்று நீங்கள் சொல்லியனுப்பியது கிடைத்தது. வரவேண்டாம். படித்துவிட்டாவது பதில் அனுப்புங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஏன் எழுந்தீர்கள்?

என்ன நடந்தது என்று அத்தை சொன்னார். அப்படியே எழுதுகிறேன். "உள்ள வந்தா. அந்த நெத்தியும் புருவமும் அப்படியே உங்கப்பன் உபைதுதான்டா. உங்கம்மா ஒரே ஒரு தடவ நிமிர்ந்து பார்த்தா. யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. எந்திரிச்சுப் போயி, கனல்ல அகில் கட்டையைப் போட்டுத் தூபக்காலைத் தூக்கிட்டு வந்து, நேரா அந்தப் புள்ள முன்னாடி நீட்டினா. நான் இன்னும் காவாக் காப்பிகூட ஊத்தலை. டேய் இன்ஜினியர், ஊரையே குளிர வைக்கிறியே, உங்கம்மா வயித்துல இத்தனை வருஷமா என்ன எரியுதுன்னு உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. யார் என்று கேட்கமாட்டார்கள் என்பதுவரைதான் என் புத்தி போயிற்று. கேட்காமலே வெளியே அனுப்பவும் எங்களிடம் வழி இருப்பதை யோசிக்கவில்லை.

அகில் சுற்றிவந்தால் விருந்தாளி எழுந்துகொள்ள வேண்டும், அகிலுக்குப் பிறகு அமர்வதில்லை. சரி. இதைப் பழமொழிப் பாடத்தில் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். ஆனால் இந்த ஊரில் பிறந்த ஒருத்திகூட அதற்காக அப்படி எழுந்திருக்கமாட்டாள். ஷம்ஸா அத்தையைப் பாருங்கள். மூன்று சுற்றுப் புகையை முகர்ந்து, முக்காட்டையெல்லாம் காட்டி மணக்க வைத்துக்கொண்டு, "அடுத்த கிண்ணம் எங்கடி?" என்று கேட்பார். அம்மா பல்லைக் கடிப்பார், ஊற்றுவார். அவ்வளவுதான் எங்கள் சட்டம்! நீங்களோ புகையை முகத்துக்கு வாங்கி, இலக்கணம் பிசகாத அரபில் "இறைவன் உங்கள் இல்லத்தை மணக்கச் செய்யட்டும்" என்று வாழ்த்திவிட்டு வெளியே போய்விட்டீர்கள். கூடத்தில் இருந்த பெண்கள் அந்த வாழ்த்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மெச்சினார்கள் என்று அத்தை சொன்னார். இருக்கட்டும், யாருக்கு என்ன லாபம்?

அப்பா அடுத்த அறையில்தான் இருந்தார். நடுவில் ஒரு சுவர். சீக்கிரமே எழுந்துவிட்டார். பழைய அங்கி வேண்டாம், புது வெள்ளை அங்கி எடு என்றார். தாடிக்கு அத்தர் பூசச் சொன்னார். நான் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் அத்தைக்கு ஆள் அனுப்பத் தாமதம். "வந்துட்டாளா?" என்று கேட்டார். அம்மா கதவருகில் வந்து நின்று, "வந்தா. அகில் காட்டினேன். போயிட்டா" என்றார். குரலை உயர்த்தவில்லை.  அப்பா என்னிடம், "பொத்தானைக் கழட்டுடா" என்றார்.

உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது, அம்மாமேல், அப்பாமேல், உங்கள்மேல். அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது, அவருக்கு இல்லை. நாளை மதியம் மணல்மேட்டுச் சவாரி. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கி வாருங்கள். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் ஓட்டல் வாசலில் என் வண்டி நிற்கும். இந்தத் தடவை பெண்கள் வாசல் வேண்டாம். ஆண்கள் வாசல் வழியாக, மத்தர் இருக்கட்டும், அவன் நண்பர்கள் எல்லாரும் இருக்கட்டும், எல்லார் முன்பும் நானே உங்களை அழைத்துப் போகிறேன். எங்கள் தெருவில் யாரும் இப்படிச் செய்ததில்லை. நான் செய்கிறேன்.

வந்துவிடுங்கள்.

ஹாரிப்


துபாய், ராஷிதியா
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். அப்பா போய்விட்டார். ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை, விடிகாலைத் தொழுகைக்குப் பிறகு. இரண்டாவது அடைப்பு, மருத்துவர் சொன்ன மாதிரியே. அன்று மதியமே அடக்கம் செய்துவிட்டோம், எங்களிடம் காத்திருப்பது கிடையாது. உங்களுக்கு உடனே சொல்லாததற்குக் காரணம் ஒன்றுமில்லை. சொல்ல வார்த்தை அமையவில்லை, அவ்வளவுதான். எனக்கே இது புதிது.

அன்று ஓட்டலில் நீங்கள் எழுதி அனுப்பிய பதிலைப் பலமுறை படித்துவிட்டேன். 'அந்த வீட்டுக்கு ஒருமுறை வந்தேன். எழுப்பி அனுப்பிய வீட்டுக்கு மறுமுறை போக என் தாய் என்னை வளர்க்கவில்லை.' சரி. இருந்தாலும் மறுநாள் வண்டியோடு வந்து நின்றேன். நீங்கள் உங்கள் கூட்டத்தோடு இறங்கி வந்தீர்கள். அந்த நெற்றியை வைத்து எனக்கு அடையாளம் தெரிந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள் என்றே நினைக்கிறேன். பிறகு சவாரி வண்டியில் ஏறினீர்கள். கோபம் இன்னும் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் கோழிக்கோட்டிலிருந்து கிளம்பியே இருக்க மாட்டேன்.

அப்பா அதற்குப் பிறகு உங்களைக் கேட்கவில்லை. தினமும் கேட்டவர் கேட்காமல் இருந்தது, கேட்டதைவிடப் பெரிய தொல்லையாக இருந்தது.

வீட்டு முன்னால் துக்கம் கேட்கக் கூடாரம் போட்டிருந்தோம். அபுதாபியிலிருந்து வந்த ஒருவர் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். "ரெண்டு பசங்க" என்றான் மத்தர். நான், "ஒரு மகளும். மூத்தவள். கோழிக்கோட்டில் ஆசிரியை" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காவா ஊற்றிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். மத்தர் என் கையைப் பிடித்து அழுத்தினான். இன்று ஏதோ இடியப்போகிறது என்று நான் தயாராக நின்றேன்.

ஒன்றும் இடியவில்லை. அப்பாவோடு கலத்தில் போய்வந்த கல்ஃபான் என்ற கிழவர், பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "உக்காருடா தம்பி. அவ பொறந்தப்போ கலம் முழுக்க எங்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தவன் உங்கப்பன். இந்தக் கூடாரத்துலயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் அது புதுச் செய்தி." சிலர் சிரித்தேவிட்டார்கள். துக்க வீட்டில்!

ஆக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. மத்தருக்கும். உங்களைப் பற்றி இந்தத் தெருவே தெரிந்துவைத்துக்கொண்டு, விருந்தாளியைக் கேள்வி கேட்கக்கூடாது என்ற அதே மரியாதையோடு அப்பாவையும் யாரும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையான ஜனங்கள் நாங்கள். எங்கள் வேலையில் ஒரு குழாய் கசிந்தால் முதலில் பார்த்தவன் கத்தவேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். இங்கே யாருக்கும் எதுவும் போகவில்லை. உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும்தான் போயிற்று.

அம்மா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறார். வெளியே வருவதில்லை, அதிகம் பேசுவதுமில்லை. நான் அவரோடு பேசுவதை டிசம்பரிலேயே நிறுத்திவிட்டேன். சாப்பாடு கொண்டுபோய் வைப்பேன், எடுப்பேன். நேற்று ஹரீஸ் கஞ்சி கொண்டுபோய் வைத்தபோது, கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் புள்ள அன்னைக்கு ஏதாவது சாப்பிட்டாளா?"

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. "நீதானே எழுப்பி அனுப்பின" என்றேன்.

"அனுப்பினேன். இல்லைன்னு சொன்னேனா? நான் அதைக் கேக்கல. சாப்பிட்டாளான்னு கேட்டேன்" என்றார். பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டார்.

 பேரீச்சம்பழமாவது எடுத்தீர்களா என்று அத்தையிடம் கேட்டேன் அக்கா, அவருக்கு நினைவில்லை. அம்மாவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நான் யார்? கேட்கவுமில்லை. அவர் கேள்விக்கு நீங்களே நேரில் வந்து, உங்கள் பள்ளிக்கூட அரபிலேயே பதில் சொல்லிவிட்டுப் போங்கள். திட்டுவதென்றால் திட்டுங்கள். அவரும் திட்டுவார். மருத்துவமனை, மருந்து நேரம் என்று கணக்குப் பார்க்க இனி ஒன்றும் இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். கூட்டத்தோடு வர வேண்டாம், விசா நான் எடுக்கிறேன். உறவு என்று கேட்கும் இடத்தில் எழுதவேண்டியதை எழுதித்தான் எடுப்பேன். உங்கள் தாயாருக்கு வர மனமிருந்தால் அவருக்கும் சேர்த்து.

வெயில் ஏறுவதற்குள் வாருங்கள். விமானத்தில் தருவதைத் தின்னாதீர்கள். பசியோடு வாருங்கள்.

உங்கள் தம்பி,
ஹாரிப்