நாலாவதுக்குச் சிவப்புக் கண்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே காற்று. மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. ஆடி முடிகிற வரை இப்படித்தான்.

வீட்டுக்காரி முத்துலெட்சுமியைத் திருப்பூர் போக 5.40 வண்டியில் ஏற்றிவிட்டேன். உப்பூர் ஸ்டாப்புக்கு வண்டி வந்தது 5.52. பன்னிரண்டு நிமிடம் தாமதம். கேட்க ஆளில்லை. நான் ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது இப்படி வந்திருந்தால் டிரைவரை நிறுத்திக் கேட்டிருப்பேன். மே மாதத்தோடு ஓய்வு. இப்போது கையில் வாட்ச் மட்டும் மிச்சம்.

மகள் சுகன்யாவுக்கு இரண்டாவது பிரசவம், மாமியார் வீட்டில். மு.லெ. திரும்ப இரண்டு வாரமாகும். ஊறுகாய் பாட்டிலைக் காட்டினதோடு எனக்குச் சொல்ல வேண்டியது முடிந்தது. லவ் பேர்ட்ஸுக்குத்தான் ஒரு முழுத் தாள்:

1. தண்ணி காலை, சாயந்திரம் மாத்தணும்.
2. தினைக் கிண்ணத்தை ஊதிப் பாக்கணும். மேல கெடக்குறது வெறும் உமி. நெறஞ்சிருக்குன்னு நெனச்சுறாதீங்க.
3. முருங்கைக் கீரை. கழுவி.
4. கொத்துறதுக்கு வச்ச கணவாய் ஓடு தீந்தா, மீன் கொண்டுவர்ற மாரியூர்க்காரர் தருவார்.
5. பானைக்குள்ள கை விடாதீங்க. ஒரு தடவை டார்ச் அடிச்சாப் போதும்.
6. நாலாவதைப் பாத்துக்கங்க.

ஆறாவதுக்கு அடியில் இரண்டு கோடு.

பெரிய கூண்டில் ஒரே ஜோடி. பச்சை ஆண், நீலப் பெட்டை. இரண்டு மண்பானை தொங்குகிறது. ஒன்றில் நாலு குஞ்சு, இன்னொன்று காலி. டார்ச் அடித்தேன். மூத்தது பிறந்து பதின்மூன்று நாள், கடைசி ஏழு நாள். உரித்த இறால் மாதிரி நாலும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. மூன்றுக்குக் கண் இருக்கிற இடம் தோலுக்கடியில் கறுப்பு. நாலாவதுக்குச் சிவப்பு. இந்தச் சிவப்புக்காக மு.லெ. இரண்டு வருஷம் ஜோடி மாற்றி மாற்றிப் போட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உமி ஊதினேன். பாதி என் கண்ணுக்குள்.

மு.லெ.யின் நோட்டை எடுத்துப் படித்தேன். எட்டாம் வகுப்பு படித்தவள் என்ன பாடு பட்டிருக்கிறாள்! ஓர் இடத்தில்: “பச்சை பெரிய கை. நீலம் அதுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும். ரெண்டு பச்சைக்கு நீலக் குஞ்சு வரலாம். ரெண்டு நீலத்துக்குப் பச்சை வரவே வராது.” இன்னோர் இடத்தில்: “சிவப்புக் கண்ணு அப்பன்கிட்ட மறைஞ்சிருந்தா மகன்கிட்ட தெரியாது. மகள்கிட்டத்தான் தெரியும்.” ஆக நாலாவது பெண். இறகு வந்தால்தான் வெள்ளையா மஞ்சளா என்று தெரியும். நீலத்தின் வழி என்றால் வெள்ளை, பச்சையின் வழி என்றால் மஞ்சள். மு.லெ.க்கு வெள்ளைதான் வேண்டும்.

பகல் 11.30. தொண்டி ஜெயினு பாய் வந்தார். நான் டைம் கீப்பர், அவர் கண்டக்டர், அப்படித் தொடங்கிய பழக்கம். வீட்டுக்காரம்மாவோடு மக்காவுக்கு உம்ரா போகிறார். கையில் சின்னக் கூண்டு.

“மாப்ளே, ரெண்டு வாரம் இங்கன வச்சுக்கங்க. லவ் பேர்ட்ஸ்தான். ஒங்க வீட்ல இருக்கிற அதே சாமான், கொஞ்சம் குண்டு.”

குண்டுதான். பச்சை உடம்பு, முகம் மட்டும் ரோஸ். மூக்கு தடிமன். வால் குட்டை. மகன் வாங்கித் தந்ததாம். டீ குடிக்காமல் போய்விட்டார், 12.05 வண்டி.

ஆகஸ்ட் 6, புதன்

கரண்ட் இல்லை. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை நடை என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

ஜெயினு பாய் கூண்டு ரொம்பச் சின்னது. இரண்டும் சிறகை விரிக்கக்கூட இடமில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. பெரிய கூண்டில் பானை ஒன்று சும்மா தொங்குகிறது.

சாயந்திரம் 4.05க்கு மு.லெ.க்குப் போன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறாள், ஒரே இரைச்சல். சுகன்யாவுக்கு வலி வந்து வந்து நிற்கிறதாம்.

“ஜெயினு பாய் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் குடுத்துட்டுப் போயிருக்காரு. பெரிய கூண்டுல விடவா?”

“லவ் பேர்ட்ஸ்தானே? விடுங்க. எடந்தான் கெடக்குல்ல. நான் பெறகு பேசுறேன்.”

4.20க்கு விட்டேன். கொஞ்சம் கீச்கீச். புது ஆள் வந்தால் இருக்கத்தானே செய்யும் என்று உள்ளே வந்துவிட்டேன். வெளிச்சம் போனதும் கூண்டுக்குத் துணி போட்டேன். சத்தம் நின்றது.

ஆகஸ்ட் 7, வியாழன்

5.50. துணியை எடுத்தேன்.

தட்டில் மூன்றாவது குஞ்சு. பானைக்கு வெளியே. செத்துக் கிடந்தது.

பானை வாயில் நீலப் பெட்டை நிற்கிறது, உள்ளே யாரையும் விடாமல். பானையெல்லாம் ரத்தம். வலது காலில் இரண்டு விரல் இல்லை. மூக்குக்கு மேலே கிழிந்திருக்கிறது. எதிரே கம்பியில் அந்தக் குண்டு ஜோடி, ஒன்றும் தெரியாததுபோல் ஒன்றை ஒன்று கோதிக்கொண்டு.

துண்டைப் போட்டுப் பிடித்து இரண்டையும் பழைய கூண்டுக்குள் தள்ளினேன். என் கட்டைவிரலைக் கடித்தது ஒன்று. நன்றாகக் கடிக்கட்டும். பெட்டையின் காலில் மஞ்சள் தூள் அமுக்கி, அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு 7.45 வண்டியில் ஆர்.எஸ்.மங்கலம். கண்டக்டர் பையன் என்னிடம் வேலை கற்றவன். “சார், பெட்டிக்குள்ள என்னா?” என்றான். டிக்கெட்டுக்குச் சில்லறையை நீட்டினேன்.

மாட்டு டாக்டர். பொறுமையானவர். நான் சொல்லச் சொல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இது பட்ஜி சார். அவரு குடுத்ததுதான் நெஜ லவ் பேர்ட்ஸ். அது வேற ஜாதி, ஆப்பிரிக்காக் கிளி. பானைக்காகக் கொலையே பண்ணும். நம்ம ஊர்லதான் பட்ஜிய லவ் பேர்ட்ஸ்னு சொல்லிப் பழகிட்டோம்.”

ஒரே பேர். அவ்வளவுதான் நடந்தது. ஊர்ப் பேரைப் பார்க்காமல் வண்டியை அனுப்பியவன் மாதிரி ஆகிவிட்டேன்.

பெட்டையை ஒரு வாரம் தனியாக வைக்க வேண்டும். மூத்த இரண்டும் அப்பன் ஊட்டினால் பிழைக்கும். நாலாவது சின்னது, நான்தான் ஊட்டவேண்டும். அதற்கென்று பவுடர் ராமநாதபுரத்தில்தான் கிடைக்கும். பழைய டிரைவர் ஒருவருக்குப் போன் போட்டேன். கடையில் வாங்கி வண்டியில் குடுத்துவிட்டார், 1.10க்கு உப்பூர் ஸ்டாப்பில் கை மாறியது.

மூன்றாவதை முருங்கை அடியில் புதைத்தேன். இருபது கிராம்கூட இருக்காது. குழி தோண்ட எனக்கு மூச்சு வாங்கியது.

மு.லெ. போன். “எல்லாம் நல்லாருக்கு” என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாலாவதுக்குத் தீனி: 6.00, 8.30, 11.00, 1.30, 4.00, 6.30, 9.00. டீஸ்பூனை இரண்டு பக்கமும் மடக்கி ஓடை மாதிரி ஆக்கினேன். கஞ்சிப் பதம். மணிக்கட்டில் சொட்டு வைத்துப் பார்த்து. “சூடாக் குடுத்தீங்கன்னா தீனிப்பை வெந்துரும். பழசு எறங்காம புதுசு ஊத்தக் கூடாது” என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை போல.

கழுத்துக்குக் கீழே தீனிப்பை ஒரு கொண்டைக்கடலை அளவு வீங்குகிறது. தோல் வழியே கஞ்சி தெரிகிறது.

பச்சை ஆண் பானை வாயில் நின்று எட்டிப் பார்க்கிறான், போகிறான். எட்டிப் பார்க்கிறான், போகிறான். நேற்றிலிருந்து இதே. உள்ளே இரண்டும் கத்துகின்றன. “போயேண்டா, பெத்தவந்தானே!” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தது.

10.35. உள்ளே போனான். 10.41 வெளியே. டார்ச் அடித்தேன். இரண்டுக்கும் பை நிறைந்திருக்கிறது. கூண்டின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

பேத்தி! காலை 7.15. இரண்டு பேரும் நலம். சந்தோஷம். சந்தோஷம்தான்.

மு.லெ. மூச்சு விடாமல் பேசினாள். கடைசியில்: “நாலாவது கண்ணத் தொறந்துருச்சா? ஒரு போட்டா அனுப்புங்க. வெள்ளையா மஞ்சளா?”

அவளே போன வாரம் என் போனில் எடுத்த போட்டோவைத் திருப்பி அனுப்பினேன். இந்த வயதில் இந்தக் கள்ளத்தனம்.

பெட்டை அட்டைப்பெட்டியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தினை தின்கிறது. பானை இருக்கிற திசையைப் பார்த்தே நிற்கிறது. பெட்டியை எப்படித் திருப்பி வைத்தாலும் அதுவும் திரும்பிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

8.30. பை இறங்கவில்லை. 6 மணிக் கஞ்சி அப்படியே கல் மாதிரி.

டாக்டருக்குப் போன். “ஒரு வேளை சும்மா விடுங்க. வெதுவெதுன்னு தண்ணி ரெண்டு சொட்டு. வெரல் நுனியால லேசா நீவி விடுங்க.” நீவினேன். என் விரல் நுனியே அந்தப் பை அளவு இருக்கிறது.

9.10. இல்லை. 9.40. இல்லை. வாசல், கொல்லை. வாசல், கொல்லை. சட்டையைத் தப்புப் பித்தானில் மாட்டியிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன்.

இது போனால் முத்துலெட்சுமி முகத்தில் எப்படி முழிப்பேன்? அவள் திட்டமாட்டாள். அதுதான் பயம்.

10.25. கொஞ்சம் இளகியிருக்கிறது. 11.00 பாதி. 11.50 காலி. எச்சம் போட்டது. உலகத்தில் ஓர் எச்சத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

தப்பு என்னுடையதுதான். கஞ்சியைக் கெட்டியாகக் கலக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முள் முள்ளாக இறகு. ஒன்றாவது பச்சை. இரண்டாவது நீலம். நோட்டில் எழுதியபடியே.

நாலாவது கண்ணை நன்றாகத் திறந்து பார்க்கிறது. மாதுளை முத்து. என் ஸ்பூனைக் கண்டால் தலையை ஆட்டுகிறது. முள்ளின் நுனி... வெயிலில் வைத்துப் பார்த்தேன். நிழலில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள்.

வெள்ளை இல்லை. மஞ்சளுக்கு என்ன குறை? யாராவது குறை சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெட்டையைப் பெரிய கூண்டில் விட்டேன், 7.05. நொண்டிக்கொண்டு நேரே பானைக்குத்தான். உள்ளே போய் மூன்று நிமிடம் சத்தமில்லை. பிறகு குஞ்சுகளின் கத்தல், தீனி வாங்குகிற கத்தல். 7.30க்கு நாலாவதையும் உள்ளே வைத்தேன். மறந்திருக்குமோ என்று கூண்டுக் கதவில் கை வைத்தபடியே நின்றேன். பெட்டை அதன் தலையை இரண்டு தடவை கோதியது. ஊட்டியது. அதற்கு யார் வெள்ளை, யார் மஞ்சள் என்ற கவலையெல்லாம் இல்லை. இனி என் ஸ்பூன் இரண்டு வேளை போதும், காலையும் சாயந்திரமும்.

மத்தியானம் சுகன்யா. குரல் இன்னும் தளர்ச்சியாக.

“அய்யா, என்னத்த மறைக்கிறீங்க?”

“ஒண்ணும் இல்லையே. எல்லாம் நல்லாருக்கு.”

“நீங்க எப்பவும் மணி சொல்லுவீங்க. ஆறு பத்துக்குத் தண்ணி வச்சேன், ஏழே காலுக்குக் கீரை வச்சேன்னு. ஒரு வாரமா மணியே வரல. எல்லாம் நல்லாருக்கு, எல்லாம் நல்லாருக்குன்னே சொல்றீங்க. அதான் கேக்குறேன்.”

மகள்கிட்டத்தான் தெரியும் என்று மு.லெ. நோட்டில் எழுதியிருந்ததே, அது பறவைக்கு மட்டும் இல்லை போல.

எல்லாம் சொன்னேன். அவள் அம்மா “விடுங்க” என்றதை மட்டும் சொல்லவில்லை. பாவம், வராந்தாவில் நின்றுகொண்டு, மகள் உள்ளே கத்துகிற நேரத்தில், ஒரு வார்த்தை.

“அம்மாகிட்ட நான் சொல்லல. நீங்களே சொல்லுங்கய்யா.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூடத்தில் கொடி. மிட்டாய் ஒன்று எனக்கும்.

மு.லெ.க்குப் போன் போட மூன்று தடவை எடுத்தேன். 9.10, 11.40, 3.25. மூன்று தடவையும் வைத்துவிட்டேன்.

ஜெயினு பாயின் குண்டு ஜோடி தின்று தின்று இன்னும் குண்டாகிறது. கோபம் போய்விட்டது. அதற்கு அதன் புத்தி. எங்களுக்குத்தான் பேர் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தும் காற்று நிற்கவில்லை.

நாலாவது பானை வாயில் தலையை நீட்டி வெளியே பார்த்தது, 4.45. இப்போது முழு மஞ்சள். அம்மா பின்னால் இரண்டு விரல் காலில் நின்றுகொண்டிருந்தது.

5.55. மு.லெ.க்குப் போன் போட்டுவிட்டேன். வைக்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். ஏழாம் தேதி 5.50, தட்டு, மூன்றாவது, விரல், டாக்டர், பவுடர், 11ஆம் தேதி பை இறங்காதது, பழைய போட்டோ அனுப்பியது. மஞ்சள் என்பதையும்.

அந்தப் பக்கம் பேத்தி சிணுங்குகிறது. மு.லெ. அதைத் தட்டிக்கொடுக்கிறாள்.

“மஞ்சளா இருந்தா என்ன. உசுரு இருக்குல்ல.” பிறகு குரல் இறங்கிப்போய்: “நான்தானே விடச் சொன்னேன்? நீங்க கேட்டீங்களே, ஆஸ்பத்திரியில நிக்கும்போது.”

“நீ எங்க சொன்ன? ஒரே எரைச்சல். நான் கேட்டதே ஒனக்குக் கேட்டிருக்காது. நானாத்தான் விட்டேன்.”

“அப்படியா?”

“ஆமா.”

“எத்தன மணிக்கு?”

நான் மணி சொல்லாவிட்டால் பொய் என்று மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். என் மடியில் இந்த டைரி. ஆறாம் தேதிப் பக்கம், 4.05, என் கையெழுத்து. டைரியை மூடினேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“சரி, விடுங்க” என்றாள்.

போனை வைத்தேன், 6.12.